வகைவாரியும் என் வலது கண்ணும்

எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "குடுத்து வச்சவ நீ. உன் வீட்டுல ஒரு சாமானத் தேட வேண்டியதில்ல, கைய விட்டா எடுத்துடலாம்." வாஸ்தவம்தான். தேட வேண்டியதில்லை. கையை விட்டு எடுத்தது என்ன சாமான் என்பதுதான் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் 'வகைவாரி' என்று பெயர். பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. நானும் அதே டிப்போவில்தான் பஸ் ஓட்டுகிறேன். உதிரிபாகங்கள் கம்பெனியிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். வந்த மாத்திரத்தில் இவர் பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டு, சாமானை மட்டும் எடுத்துத் துடைத்து, உருவம் பார்த்து, அளவு பார்த்து, அதனதன் அறையில் போடுவார். வட்டமானது வட்டமானதோடு. நீளமானது நீளமானதோடு. எந்தக் கம்பெனி, எந்த வண்டிக்கு என்பதெல்லாம் அப்புறம்தான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வேண்டுமென்றே அவரைத் தாளிக்கிறேன் என்று ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீல் பிரிக்காத பெட்டி ஒன்றை நம்பி அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார். உள்ளே இருந்தது யாரோ கழற்றிப்போட்ட பழைய பிரேக் சாமான். அந்த பஸ் டிப்போ வாசல் சுவரில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து இவரைக் கேள்வி கேட்டார்கள். அன்றிலிருந்து அட்டைப்பெட்டியைக் கண்டால் ஆகாது. "பெட்டியில எவன் வேணா என்ன வேணா எழுதலாம். சாமானக் கையில எடுத்துப் பாத்தாதான் நிஜம்" என்பார். ஸ்டோரில் அந்த வித்தை பலித்தது. அவர் கையால் தப்பான சாமான் போனதாக ஒரு மெக்கானிக்கும் சொன்னதில்லை.

அதோடு நின்றிருந்தால் நானும் நாலு பேரிடம் பெருமை பேசியிருப்பேன். மனிதர் ஸ்டோரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே, அங்கேதான் என் தலைவலி ஆரம்பித்தது. எங்கள் சமையலறையில் வெள்ளைத் தூளுக்கென்று ஒரு தட்டு. உப்பு, சர்க்கரை, சோடா மாவு, சலவைத் தூள் எல்லாம் ஒரே மாதிரி ஜாடியில், அண்ணன் தம்பிபோல வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் என் நாத்தனாருக்குப் போட்ட டீயில் நுரை அடங்கவே இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "டீத்தூள மாத்திட்டீங்களா அண்ணி?" என்று மரியாதையாகக் கேட்டாள். குளியலறையில் 'நீளமானவை' என்று ஒரு குவளை. பல் துலக்கும் பிரஷ்ஷும் திருப்புளியும் அதில் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் நான் திருப்புளியில் பேஸ்ட் வைத்த நாளும் உண்டு.

"இது வீடா, ஸ்டோரா?" என்று நான் கத்தினால், "ஸ்டோருன்னா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று நிஜமாகவே ஏங்குவார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இப்போது கண்ணுக்கு வருகிறேன். பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கண்தான் எல்லாம். வெயில், தூசி, எதிர்க்காற்று, எதிரே வருகிறவனின் விளக்கு எல்லாம் சேர்ந்து என் கண்களைக் காய வைத்துவிட்டன. ஷிஃப்ட் முடிந்தால் மணல் போட்ட மாதிரி உறுத்தும். கண் டாக்டர் ஈரம் கொடுக்கும் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். பெரிய குப்பி இல்லை. விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்கள். நுனியைத் திருகி ஒடித்து, ஒரு தடவை ஊற்றிக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அதைத் தவறாமல் ஊற்றிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் டிப்போவில் அப்படி இறக்கப்பட்ட டிரைவர் ஒருவர் இருக்கிறார். கவுண்டருக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டே வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருப்பார், பிரேக் இருக்கிறதென்ற நினைப்பில். அவரைப் பார்த்தாலே நான் வேறு பக்கம் நடந்துவிடுவேன். பொம்பளை ஓட்டுகிற பஸ்ஸா என்று ஏறிய காலை இறக்கிக்கொண்டவர்களையெல்லாம் சமாளித்து வாங்கிய சீட் அது. அதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது பூனை. அதுவும் இவர் கொண்டுவந்ததுதான். ஸ்டோரில் எலி பிடிக்க இருந்த பூனை. கவுண்டர் மேல் ஏறி உட்கார்ந்து போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் மெக்கானிக்குகள் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வயசாகி எலி அதைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்தியதும், ஓய்வு கொடுத்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். சூப்பர்வைசர் தனியாக வரவில்லை, உடம்பு நிறைய தெள்ளுப்பூச்சியோடு வந்தார். என் கணுக்கால் முழுக்கக் கடி. சொறிந்துகொண்டே எப்படிக் கிளட்ச் மிதிப்பது?

மிருக டாக்டர் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூனையின் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கி ஊற்ற வேண்டும். அதுவும் சின்ன பிளாஸ்டிக் குழாய். அதுவும் நுனியைத் திருகி ஒடிப்பது. அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று.

எங்கே போகிறது கதை என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, அந்தப் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வகைவாரிக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு மருந்தையும் பெட்டியிலிருந்து உருவி, பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரனுக்கு ஒதுக்கிவிட்டு, குழாய்களை மட்டும் அலமாரியில் இருக்கும் அறை பிரித்த தட்டில் போட்டார். நட்டு போல்ட்டுக்காகச் செய்த தட்டு அது. அந்த அறையின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'குழாய், சிறியது.'

அன்று மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். கண் இரண்டும் எரிந்தன. வெளிச்சம் ஆகவில்லை என்று திரையை இழுத்துவிட்டு, விளக்கும் போடாமல் அலமாரிக்குப் போனேன். தினமும் செய்கிற வேலைதானே. கையை விட்டேன், எடுத்தேன், ஒடித்தேன், அண்ணாந்து வலது கண்ணில் பிழிந்தேன்.

முதலில் ஒரு நெடி, ஸ்பிரிட் மாதிரி. அது எங்கிருந்து வருகிறது என்று நினைத்து முடிப்பதற்குள் கண்ணுக்குள் நெருப்பு வைத்ததுபோல் ஆகிவிட்டது. நான் போட்ட கூச்சலில் சூப்பர்வைசர் பீரோ மேல் ஏறிக்கொண்டது.

இவர் ஓடி வந்தார். கண்ணைப் பொத்திக்கொண்டு நான் துடிக்கிறேன். கட்டிய மனைவியைப் பார்த்து இவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எந்த அறையிலேர்ந்து எடுத்த?"

"ம்? நரகத்திலேர்ந்து எடுத்தேன்!" என்றேன். அந்த வலியிலும் எனக்கு அது வாயில் வந்தது.

எங்கள் மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தவள், வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் குனிய வைத்தாள். "கசக்காதம்மா, கையை எடு, எடுன்னா எடு" என்று அதட்டினாள். தண்ணீரை மெதுவாகத் திறந்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓட விட்டாள். இன்னொரு கையால் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

நர்ஸம்மா நிதானமாகத்தான் பேசினார். "நல்ல வேலை பண்ணீங்க. நிறுத்தாதீங்க. கால் மணி நேரமாவது தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். அப்புறம் உடனே கூட்டிட்டு வந்துடுங்க. சரி, என்ன மருந்து அது? பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"பெட்டி இல்லைங்க" என்றாள் மகள்.

"தொலைஞ்சு போச்சா?"

"இல்லைங்க. எங்க வீட்டுல பெட்டியே கிடையாதுங்க."

நர்ஸம்மா பெட்டியை விட்டுவிட்டார். "குழாயிலயாவது பேர் இருக்கா பாருங்க."

இருந்தது. கண் நன்றாகத் தெரிகிறவர்களாலேயே படிக்க முடியாத எழுத்தில், நிறமில்லாத பிளாஸ்டிக்கில், பாதி நான் ஒடித்த இடத்தோடு போயிருந்தது. இவர் மிருக டாக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. குனிந்த தலையோடு, தண்ணீர் மூக்கிலும் வாயிலும் போக, நான் கத்தினேன். "இப்ப சொல்லுங்க, சாமானக் கையில எடுத்துப் பாருங்க! பாத்துச் சொல்லுங்க, என் கண்ணுக்குள்ள என்ன இருக்கு?"

வாசல் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

"அப்பா எங்கடி?"

"பேப்பர்க் கடைக்கு ஓடுறாரும்மா. பெட்டியத் தேட."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எரிச்சல்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது. பெண்டாட்டி கண்ணைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள், புருஷன் அட்டைப்பெட்டி தேடப் போகிறார். பெட்டி தேடப் போகிற நேரமா இது? வருஷக்கணக்காகக் கிழித்து எறிந்த பெட்டிகள் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அவரைத் தெருவில் ஓட வைத்தன.

மகள்தான் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண் டாக்டர் முதலில் இன்னும் கொஞ்ச நேரம் கழுவச் சொன்னார். பிறகு மரத்துப்போக ஒரு சொட்டு விட வேண்டும் என்று சின்னக் குழாய் ஒன்றை எடுத்தார். நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன்.

"இது என் மருந்துதாம்மா, பாருங்க" என்று பெயரைக் காட்டினார்.

"எனக்குத் தெரியலையே டாக்டர்" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. வலது கண்ணில் எல்லாம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் கவுண்டரில் கால் ஆட்டுகிற அந்த மனிதர் ஞாபகம் வந்தார். அதுவரை கோபம்தான் இருந்தது. அந்த நாற்காலியில்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

டாக்டர் மஞ்சள் சாயம் தடவி, நீல விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. வகைவாரி. தோளில் ஒரு சாக்கு மூட்டை. மூச்சு வாங்குகிறது. காலில் ஒன்று அவர் செருப்பு, இன்னொன்று மகளுடையது. பேப்பர்க் கடையில் எங்கள் பேட்டைப் பெட்டிகள் எத்தனை கிடந்தனவோ அத்தனையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரின் மேஜை மேல் சாக்கைக் கவிழ்த்தார். சோப்புப் பெட்டி, பல்பு பெட்டி, யாருடையதோ செருப்புப் பெட்டி எல்லாம் விழுந்தன. அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, நசுங்கிய ஒரு சின்ன அட்டையை எடுத்து, மடிப்பை நீவி நீட்டினார். அதில் ஒரு பூனைப் படம் இருந்தது.

டாக்டர் படித்தார். "ம். பூச்சி மருந்து, கூடவே ஸ்பிரிட் மாதிரி ஒரு கரைப்பான். அதான் இந்த எரிச்சல். பெட்டி கொண்டு வந்தது நல்லது. ஆனா உடனே கழுவினாங்க பாருங்க, அதுதான் கண்ணைக் காப்பாத்தியிருக்கு. மேல்தோல் உரிஞ்சிருக்கு. ஆறிடும்னு நினைக்கிறேன். களிம்பு தர்றேன். பார்வை தெளியுற வரைக்கும் வண்டி தொடக்கூடாது."

"ஆறிடும்னு நினைக்கிறீங்களா, ஆறிடுமா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்மா" என்றார். டாக்டர்கள் சொல்கிற இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, அதைவிடக் கொடுமையான வார்த்தை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நான் வகைவாரியோடு பேசவில்லை. வீட்டில் மகள்தான் தபால்காரி. "அம்மாவுக்கு டீ வேணுமான்னு கேளு." "சலவைத் தூள் போடாம வருமான்னு கேளு." காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். தேதி எழுத்து பெரிதாக இருக்கும். அதுவே பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். பார்த்துவிட்டு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அந்தச் சத்தத்திலேயே அன்றைக்குக் கண் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த அறை பிரித்த தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தார். பூனை மருந்தை டிப்போ ஸ்டோரில் பூட்டி வைத்துவிட்டார். அதனால் என்ன? என் கண் திரும்பி வந்துவிடுமா?

ஒரு நாள் சமையலறையில் ஏதோ கொட்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். இவர் வலது கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார். பாதி டம்ளருக்கு, பாதி மேடைக்கு. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?" பேசக்கூடாது என்றிருந்தது மறந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"தூரம் தெரியல" என்றார். பிறகு துணி எடுத்து மேடையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

வீட்டில் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. லீவு விஷயமாக டிப்போவுக்குப் போனபோது ஃபோர்மேன் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே சாமான் குடுக்கறாரு. கண்ணடிக்கறாருன்னு பசங்க ஒரே கலாட்டா. நேத்து எனக்குத் தப்பான போல்ட்டக் குடுத்துட்டாரு. வகைவாரி! என்கிட்ட! தப்பான போல்ட்டு!" அவருக்கு அதை நம்பவே முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்துக் கோபமாக மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "ஒரு கண்ணு போதாதுன்னு உங்க கண்ணும் போகணுமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். அன்றிலிருந்து பேச்சு மறுபடி தொடங்கியது. அதாவது, திட்டு.

களிம்பு வேலை செய்தது. காலண்டரில் தேதி தெளிந்தது, அப்புறம் கிழமை, அப்புறம் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பரிசோதனை நாளில் இவர் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து வராந்தாவில் நின்றார். உள்ளே நான் இடது கண்ணை மறைத்துக்கொண்டு பலகையில் எழுத்துகளை மேலிருந்து கீழே படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். படித்து முடித்தும் நிறுத்தவில்லை, பலகை செய்த கம்பெனியின் பெயரையும் படித்தேன். பரிசோதகர் சிரித்துவிட்டார். வெளியே வந்து "தேறிட்டேன்" என்றேன். இவர் தலையை ஆட்டினார், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இப்போது மறுபடி பஸ் ஓட்டுகிறேன். வீட்டில் இன்னொரு தலைவலி. பெட்டியைக் கண்டால் கிழிக்கிறவர், இப்போது ஒரு பெட்டியையும் விடமாட்டேன் என்கிறார். தீப்பெட்டி தீர்ந்தால்கூட "இருக்கட்டும், எதுல என்ன இருந்துச்சுன்னு தெரியணும்ல" என்கிறார். வீடு முழுக்கக் காலிப் பெட்டி. சூப்பர்வைசர் ஒன்றில் தூங்குகிறது. என் கண் மருந்து மட்டும் தனியாக, அதன் பெட்டிக்குள், அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில். அதை நான் எடுக்கக்கூடாதாம். சாயங்காலம் அவரே ஒரு குழாயை எடுத்து, விளக்கடியில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பிறகு காலாவதித் தேதி. பிறகு பெட்டியில் அதே பெயர்தானா என்று இன்னொரு தடவை. நான் அண்ணாந்தபடி நிற்பேன்.

"கழுத்து வலிக்குது. சீக்கிரம்."

"இரு, தேதி பாக்கணும்."

"நேத்துப் பாத்த தேதிதானே!"

"இது வேற குழாய்."

இந்தக் கூத்து தினமும். போன வாரம் ஸ்டோரில் சரக்கு இறங்குகிற நாள், அவர் வர நேரமாகும் என்றார். அப்பாடா, இன்றைக்காவது நிம்மதியாக ஊற்றிக்கொள்ளலாம் என்று நானே போய்ப் பெட்டியை எடுத்தேன். விளக்கைப் போட்டேன். பெயரைப் படித்தேன், சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. நுனியை ஒடித்தேன். மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. அண்ணாந்தேன்.

பிழிய முடியவில்லை. கை வரவில்லை. நெரிசல் தெருவில் அவ்வளவு பெரிய வண்டியை ஒடித்துத் திருப்புகிற கை, அந்தத் துக்கடாக் குழாயை அழுத்த மாட்டேன் என்றது. இன்னொரு தடவை படித்தேன், இன்னொரு தடவை அண்ணாந்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஒடித்த குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, கண் உறுத்த உறுத்த, நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. பெட்டியை நீட்டினேன்.

"ஏன், நீயே போட்டிருக்கலாமே? பேர்தான் பெருசா இருக்கே."

"வாசிச்சுத் தொலைங்க" என்றேன்.

விளக்கடியில் நின்று வாசித்தார். பெயர், தேதி, மறுபடி பெயர். நான் கண்ணைத் திறந்தேன்.